புலவர் வீட்டில் நாங்கள் இருந்த காலம்

நான் கல்யாணமாகிப் போனபோது அந்தத் திட்டுக்குப் பெயர் எதுவும் கிடையாது. குற்றாலத்தில் விழுந்து வருகிற சிற்றாறு இலஞ்சியைத் தாண்டியதும் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் போய் மறுபடியும் ஒன்றாகச் சேரும். நடுவில் கிடக்கிற நிலம்தான் திட்டு. நூறு தென்னை, ஆறேழு வயல், இரண்டு வீடு. ஒரு வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும். மற்றதில் அவருடைய அண்ணனும் அண்ணன் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும். அண்ணன் பெண்டாட்டியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கோடையில் மணலில் நடந்தே கரைக்குப் போய்விடலாம். தண்ணீர் ஓடுகிற மாதங்களில் இரண்டு தென்னந்தடிகளைச் சேர்த்துக் கட்டிய பாலம்.

எங்கள் வீட்டுப் புறவாசலில், மருதமரத்தடியில் ஒரு கல் நட்டிருந்தது. தரைக்கு மேலே இடுப்பு உயரம் தெரியும். மேலே மூன்று வரி எழுத்து. நான் தென்காசியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். வாசிக்கக் கிடைத்த எதையும் விடமாட்டேன். போன முதல் வாரத்திலேயே அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். ஐப்பசி மாதம் சதய நாளில் உயிர் நீத்த, என்று இருந்தது. அதற்குக் கீழே மண்.

"உயிர் நீத்த யாருக்கா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும். இதுல சாயக் கூடாதுன்னு எங்க மாமியா சொல்லுவாவ. எதுக்குன்னு அவியளும் சொன்னதில்ல" என்றாள்.

எனக்குக் குழந்தை இல்லை. ஆடி மாதச் சாரலில் திட்டு முழுக்க ஈரமாகக் கிடக்கும். பேச்சுத் துணைக்கு அக்காவை விட்டால் ஆளில்லை. அவளுக்கோ மாடும் பிள்ளைகளும் போக மிச்ச நேரம் இருந்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நடந்ததில் என் பங்கு எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். யாராவது வரமாட்டார்களா என்று நான் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அது தொடங்கியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு சாரல் சமயத்தில் தமிழ்ப் பண்டிதர் ஒருவர் வந்தார். தென்காசியில் வாத்தியார் வேலை. முன்னொரு காலத்தில் சிற்றாற்றைப் பற்றி நூறு பாட்டுப் பாடிய புலவர் ஒருவர் இருந்தாராம். அதில் பதினேழுதான் கிடைத்திருக்கிறதாம். அவருடைய வீட்டுக்கு நாலு பக்கமும் தண்ணீர் என்று ஒரு பாட்டில் வருகிறதாம். அந்த வீட்டைத் தேடி ஆற்றோரமாகவே நடந்து வந்திருந்தார். வேட்டி முழங்கால் வரை சேறு. நான் மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் புறவாசலுக்குக் கால் கழுவப் போனவர் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால் கல்லின் முன்னால் குந்தியிருந்தார். கண்ணில் தண்ணீர்.

"இதுதாம்மா. இங்கேதான் இருந்தார்" என்றார்.

என் வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்ததும் பண்டிதர் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கல் புலவருக்கு நட்டது என்றாயிற்று. எங்கள் வீடு பழைய வீடு. அதனால் அதுவே புலவரின் மனை என்றாயிற்று. ஆற்றைப் பார்த்து ஜன்னல் வைத்த சின்ன அறையில் நாங்கள் நெல்லுதான் போட்டிருந்தோம். அது அவர் எழுதிய அறை என்றாயிற்று.

பண்டிதர் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அடுத்த சாரலுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அருவியில் குளிக்க வருகிறவர்கள் ஒரு நாள் ஒதுக்கி, ஜட்கா பிடித்து வந்து, பாலம் தாண்டி எங்கள் வீட்டைப் பார்த்தார்கள். மதுரையிலிருந்து வக்கீல்கள், திருநெல்வேலியிலிருந்து காலேஜ் பிள்ளைகள், சென்னைப் பட்டணத்துக்காரர்கள் கூட. ஒருவர் போட்டோ பிடிக்கிற பெட்டியோடு வந்தார். என் வீட்டுக்காரர் காசுக்கு ஆசைப்பட்டவர் இல்லை. யாரிடமும் கை நீட்டியதும் இல்லை. ஆனால் கோட்டுப் போட்ட மனிதர்கள் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டு, எங்கள் பாயில் உட்கார்ந்து, "நீங்கள் கொடுத்து வைத்தவர்" என்று சொன்னார்கள். அதுவரை அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் நடை மாறியது. தினமும் வெளுத்த வேட்டி கட்டினார்.

சின்ன அறையில் கிடந்த நெல்லை அக்கா வீட்டுக்கு மாற்றிவிட்டு அதை மெழுகினேன். செங்கோட்டையிலிருந்து அவர் ஒரு பழைய எழுத்தாணியும் நாலைந்து ஓலையும் வாங்கி வந்து பலகையில் வைத்தார். புலவருடையது என்று நாங்கள் சொல்லவில்லை. வந்தவர்கள் கேட்டபோது இல்லை என்றும் சொல்லவில்லை.

திட்டின் மேல்முனையை நாங்கள் தலை என்போம். ஆறு பிரிகிற இடம் அது. அங்கே தாழம்புதர் ஆள் நுழைய முடியாமல் அடர்ந்திருக்கும், ஊடே நாணல். வந்தவர்களெல்லாம் புலவர் நின்று பார்த்த இடத்தில் நின்று மலையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். புதர் மறைத்தது. அந்தக் கோடையில் என் வீட்டுக்காரர் எட்டு ஆளை வைத்துத் தாழையை வேரோடு வெட்டினார். அண்ணன் வந்து தடுத்துப் பார்த்தார்.

"ஏலே, அது புதரில்ல, கரை. அதத் தோண்டாத."

"மலை தெரியணும்லா" என்றார் இவர்.

வெட்டி முடித்தபோது மலை தெரியத்தான் செய்தது. அருவியின் வெள்ளைக் கோடு கூடத் தெரிந்தது. ஆனால் சாரல் தொடங்கியதும் எனக்கு ஒன்று பிடிபட்டது. அதுவரை ஆற்றுச் சத்தம் வீட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்கும். இப்போது நேர் எதிரிலிருந்து கேட்டது, யாரோ வந்துகொண்டிருப்பதைப் போல. தலைப்பக்கம் நாளுக்கு ஒரு கையகலம் மண் சரிந்தது. நான் ஒரு குச்சி நட்டு வைத்தேன். நாலாம் நாள் குச்சி இல்லை.

அந்த ஆடியில்தான் டீச்சரம்மா வந்தாள். பாளையங்கோட்டைப் பக்கம் பெண்பிள்ளைகள் பள்ளியில் வேலை. என் வயதுதான் இருக்கும். மற்றவர்கள் அறையை எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். இவள் ஜன்னலடியில் உட்கார்ந்து பதினேழு பாட்டையும் மெதுவாகச் சொன்னாள். எல்லாம் மனப்பாடம். பிறகு என்னிடம் பாடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"இங்க இருக்கிற உங்களுக்கு எப்படி இருக்கு? தினமும் அவர் நினைப்பு வருமா?"

"வரும்" என்றேன். அன்றைக்கு அது பொய். அவள் போன பிறகு மெய்யாயிற்று. நானும் பாட்டுகளைப் படிக்க ஆரம்பித்தேன். அவள் கடிதம் எழுதினாள், நான் பதில் போட்டேன். என் பெயருக்குக் கடிதம் வந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஐப்பசி சதயத்தன்று புலவருக்குப் பெரிய விழா எடுக்கப் பண்டிதர் ஏற்பாடு செய்வதாகவும், அவள் கட்டாயம் வரவேண்டும் என்றும் நான்தான் எழுதினேன்.

ஐப்பசி சாரல் மாதமில்லை. சாரல் என்பது பூத்தூவல் மாதிரி. ஐப்பசியில் மலையில் பெய்கிற மழை வேறு. அதெல்லாம் பண்டிதருக்கும் தெரியும். கல்லில் ஐப்பசி என்றுதானே இருக்கிறது என்றார்.

விழாவுக்கு முன்னால் கல்லைச் சுற்றி மேடை கட்ட வேண்டும் என்று முடிவாகி, புரட்டாசியில் கொத்தனார் வந்தார். அஸ்திவாரத்துக்குத் தோண்டும்போது கல்லின் கீழ்ப்பகுதி வெளியே வந்தது. "தாயி, இங்கன இன்னும் எழுத்து இருக்கு" என்று என்னைக் கூப்பிட்டார். நான் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் படித்தேன். மண்ணுக்குள் இருந்ததால் அந்த எழுத்துகள் தேயவே இல்லை.

உயிர் நீத்த இவ்வீட்டார் பதினோரு பேர். வெள்ளம் இக்கல் மறைய வந்தது. ஐப்பசியில் இங்கே இருக்க வேண்டாம்.

கொத்தனாருக்கு எழுத்துத் தெரியாது. "என்ன போட்டிருக்கு தாயி?" என்றார். அவரைச் சாப்பிட்டு வரும்படி அனுப்பினேன். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவர் ஒரு ஆளைத் தென்காசிக்கு அனுப்பினார். சாயங்காலம் பண்டிதர் வந்தார்.

அவர் மூன்று தடவை படித்தார். முகம் வெளுத்துப்போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். பிறகு, கீழே உள்ள எழுத்து வேறு கை, பின்னால் யாரோ வெட்டியிருக்க வேண்டும் என்றார். எனக்கு இரண்டும் ஒரே கையாகத்தான் தெரிந்தது.

"அப்ப விழாவ என்ன செய்யுது?" என்றார் என் வீட்டுக்காரர். "எல்லாருக்கும் அழைப்புப் போயாச்சு. மதுரையிலருந்து வக்கீல் வாராவ. இப்பப் போயி, எங்க வீடு புலவர் வீடு இல்ல, பொணம் போன வீடுன்னு சொல்லுததா?"

"அந்தப் பழைய காலத்துக்கு அப்புறம் இங்கே வெள்ளம் வந்ததாக யாரும் சொல்லவில்லையே" என்றார் பண்டிதர்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். பாளையங்கோட்டையிலிருந்து வரப்போகிறவளை நினைத்தேன். அவள் வந்து அந்த ஜன்னலடியில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டேன். "மேடையக் கட்டுங்க, அத்தான்" என்றேன்.

மறுநாள் மேல் மூன்று வரி மட்டும் தெரிகிறபடி சுண்ணாம்புக் காரையால் மேடை எழுப்பினார்கள். அக்கா வந்து பார்த்தாள்.

"ஏட்டி, கீழ என்னமோ எழுத்து இருந்துச்சாமே. கொத்தனாரு சொன்னாரு."

"ஒண்ணுமில்லக்கா. பேருதான்."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

விழாவுக்கு இருந்த பத்து நாளும் எனக்குச் சரியான தூக்கமில்லை. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரில் ஏறி மச்சுக்குப் போயின. பெருக்கித் தள்ளினால் மறுபடி ஏறின. நாங்கள் பார்த்திராத சாரைப்பாம்பு ஒன்று பட்டப்பகலில் முற்றத்தைக் கடந்து தென்னை மூட்டில் சுருண்டது. ஆறு மட்டும் தெளிவாக, கணுக்கால் மூழ்காத அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. விழாவுக்கு முதல் நாள் அக்கா மாட்டை அவிழ்த்தாள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இலஞ்சியில் அவள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். அவள் வீட்டுக்காரர் பின்னால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

"விழாவுக்கு இருக்கலையாக்கா?"

"தண்ணியில மலைவாடை அடிக்கி. எனக்குப் பிடிக்கல. நீயும் வாயேன்."

"வீட்டுக்கு ஆள் வருதாவளே" என்றேன்.

விழாவன்று காலையில் மலை இருந்த இடமே தெரியவில்லை. கறுப்பாக ஒரு சுவர் நின்றது. எங்கள் பக்கம் வெறும் தூறல். முப்பது நாற்பது பேர் குடை பிடித்துப் பாலம் தாண்டி வந்தார்கள். மேடைக்கு மாலை போட்டாயிற்று. டீச்சரம்மா தன் கூட வேலை பார்க்கிற இன்னொருத்தியோடு வந்தாள். எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருந்தாள். பதினேழு பாட்டையும் அவள் கையால் எழுதியிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன். கூச்சம் என்று அவள் நினைத்திருப்பாள்.

பத்து மணி வாக்கில் அவள் ஜன்னலில் நின்று வெளியே பார்த்தாள். பிறகு திரும்பி, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"மலையில இப்படி இருட்டியிருக்கே. இங்க வெள்ளம் வருமா? பயமா இருந்தா நாங்க ரெண்டு பேரும் இப்பவே கிளம்பிடுறோம். அப்பா தனியா இருக்காங்க."

நான் சொன்னேன்: "இந்தத் திட்டுக்கு வெள்ளம் வந்ததே இல்ல. இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. என் குரல் எவ்வளவு இயல்பாக இருந்தது என்பது கூட நினைவிருக்கிறது.

பண்டிதர் மேடைக்குப் பக்கத்தில் நின்று கட்டுரை வாசித்தார். இரண்டு மூன்று முறை நிறுத்தி ஆற்றுப் பக்கம் பார்த்தார். மதியம் முதல் பந்தி முடிந்தது. அப்போது சிலர் கிளம்பிப் போய்விட்டார்கள். டீச்சரம்மாளின் தோழியும் ரயிலுக்கு நேரமாகிறது என்று புறப்பட்டாள். நான் டீச்சரம்மாளை மட்டும், என்னோடு கடைசிப் பந்தியில் உட்கார வேண்டும் என்று பிடித்து வைத்துக்கொண்டேன். தோழி தென்காசி ஸ்டேஷனில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நாங்கள் இலையில் கை வைத்தபோது ஆற்றின் சத்தம் நின்றது. நின்றது என்றுதான் எனக்குப் பட்டது. அதைவிடப் பெரிய சத்தம் ஒன்று தூரத்தில் எழுந்து அதை மூடியிருக்க வேண்டும். யாரோ வாசலில் "தண்ணி நெறம் மாறுது" என்றார்கள். போய்ப் பார்த்தோம். செம்மண் கலங்கல். அதில் முழு மூங்கில் குத்துகள், ஒரு செத்த ஆடு, யாருடையதோ கட்டில் சட்டம். என் வீட்டுக்காரர் எல்லாரையும் பாலத்துக்குப் போகச் சொன்னார். நெரிசலில்லாமல் போகும்படி அவரே பாலத்தின் இந்தக் கோடியில் நின்று ஒவ்வொருவராகக் கைபிடித்து ஏற்றினார். அதை நான் சொல்லியாக வேண்டும். பதினைந்து பேருக்கு மேல் அக்கரை சேர்ந்தார்கள்.

டீச்சரம்மா என்னையும் கூப்பிட்டாள். "நீங்க முன்னால போங்க, நான் வீட்டைப் பூட்டிட்டு வாரேன்" என்றேன். அவள் பாதிப் பாலத்தில் இருந்தபோது தலைப்பக்கத்திலிருந்து ஒரு முறிவுச் சத்தம் வந்தது. தாழை நின்ற இடம் அப்படியே பாளமாக ஆற்றில் விழுந்தது. அதை விழுங்கிய தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பி எங்கள் பக்கக் கிளையில் இறங்கியது. தென்னந்தடி இரண்டும் புரண்டன. அவளோடு இரண்டு ஆண்கள் பாலத்தில் இருந்தார்கள். அவர்கள் கீழே கொஞ்ச தூரத்தில் மூங்கிலைப் பிடித்துத் தொங்கினார்கள், கரையிலிருந்தவர்கள் இழுத்துப் போட்டார்கள். அவளுடைய குடை மட்டும் விரிந்தபடி சுற்றிக்கொண்டே போனதைப் பார்த்தேன்.

மிச்சமிருந்த பன்னிரண்டு பேரும் மச்சில் ஏறினோம். தண்ணீர் வீட்டுக்குள் வந்து இலைகளையும் சோற்றுப் பானைகளையும் தூக்கிக்கொண்டு போனது. மச்சின் சின்னத் திறப்பு வழியாகப் புறவாசல் தெரிந்தது. முதலில் மேடை மறைந்தது. பிறகு மூன்று வரிகள் ஒவ்வொன்றாக. கல்லின் உச்சி மறைந்தது. அதற்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. பண்டிதர் என் பக்கத்தில்தான் குந்தியிருந்தார். ஏதோ முணுமுணுத்தார். பாட்டா, சாமி பேரா என்று தெரியவில்லை. நான் கேட்கவுமில்லை.

பொழுது சாய்வதற்குள் தண்ணீர் இறங்கியது. மறுநாள் கயிறு கட்டி எல்லாரையும் அக்கரை சேர்த்தார்கள். அதற்கும் மறுநாள் தென்காசிக்குக் கீழே ஒரு அணைக்கட்டில் டீச்சரம்மாளை எடுத்தார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. போயிருக்க வேண்டும்.

சேறு காய்ந்ததும் கடப்பாரையை எடுத்தேன். நல்ல காரை, சுலபத்தில் பெயரவில்லை. உள்ளங்கை இரண்டும் கிழிந்தன. என் வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் எழுந்து வந்து கடப்பாரையை வாங்கினார். பிடுங்கிப் போடப் போகிறார் என்று நினைத்தேன். மிச்சத்தை அவர் இடித்தார். எல்லா வரியும் தெரிந்தது. எழுத்தாணியையும் ஓலைகளையும் நான் அடுப்பங்கரையில் ஒரு பானைக்குள் போட்டு மூடினேன். வெளுத்த வேட்டி கட்டுவதை அவர் விட்டுவிட்டார்.

பண்டிதர் தை மாதம் ஒரு கடிதம் போட்டார். விழாவை இனிமேல் ஆடிக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தார். பதில் போடவில்லை. அவர் சிவகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அக்கா வீட்டார் இலஞ்சியிலேயே தங்கிவிட்டார்கள். அவளிடம் கல்லில் இருந்ததைச் சொன்னேன். "நீ சொல்லியிருந்தா நான் அவியள எல்லாம் கத்தி வெரட்டியிருப்பேன்லா" என்றாள். அதற்குப் பிறகு நான் போனால் முன்போல உட்காரச் சொல்வதில்லை.

சித்திரையில் டீச்சரம்மாளின் அப்பா வந்தார். ஆறு வற்றிக் கிடந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் மெதுவாக நடந்து வந்தார். அவர் யார் என்று சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் அதே நெற்றி. மகள் உட்கார்ந்த இடத்தைக் காட்டச் சொன்னார். அறைக்குக் கூட்டிப் போனேன். ஜன்னலடியில் உட்கார்ந்தார். ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்தார்.

"புலவர் இங்கதான் எழுதினாராம்மா?" என்றார்.

"இல்லைய்யா. இது நெல்லு போட்ட அறை. புலவர் இந்தப் பக்கம் வந்தாரான்னே தெரியாது. அந்தக் கல்லு வெள்ளத்துல செத்தவங்களுக்கு வச்சது. விழாவுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். உங்க மக என்கிட்டக் கேட்டாங்க. நான் வெள்ளமே வராதுன்னு சொல்லிட்டேன்."

அவர் ஜன்னல் வழியாக மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பாரோ, ஏசுவாரோ என்று சுவரோடு நின்றேன். ஏசினால் நல்லது என்று கூட இருந்தது.

"அவ உங்களப் பத்தித்தான் வீட்டுல பேசிக்கிட்டு இருப்பா" என்றார். "அங்க எனக்கு ஒரு சிநேகிதி இருக்கான்னு."

குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தேன். செம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டார், குடிக்கவில்லை. எழுந்து வெளியே போனவர், கல்லை நின்று முழுவதும் படித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் இறங்கினார். கரையேறும் இடத்தில் அவருக்குக் கால் சறுக்கியது. நான் ஓடிப்போய்க் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த வேரைப் பிடித்து மேலே ஏறிப் போனார்.